சில்லு இல்லாத வாகனம்

"அப்பா! இதுக்கு என்னத்தைப் பூசி வைச்சிருக்கிறீங்கள்?"

நிலவறையிலிருந்து கிளம்பிய கத்தல் மேல்மாடி வரை கேட்டது. சனிக்கிழமை பின்னேரம். கணேசலிங்கம் அப்போதுதான் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தார். மகள் ஆரணி இப்படிக் கத்தினால் ஒன்று எலி, இல்லாவிட்டால் கணிதப் பரீட்சை என்பது அவருடைய அனுபவம். ஆனால் இன்றைக்குக் காரணம் வேறு, அது அவருக்குத் தெரியும். பாராட்டு வாங்கப் போகிறவரின் சிரிப்போடு படியிறங்கினார்.

கீழே ஆரணி தலையில் கைவைத்துக்கொண்டு நின்றாள். சுவரில் சாய்த்து வைத்திருந்த பனிச்சறுக்குப் பலகைச் சோடியின் அடிப்பக்கம் முழுக்க, நுனியிலிருந்து வால் வரை, சந்தனம். சந்தனத்தின் மேல் வரிசையாகக் குங்குமப் பொட்டு. நடுவில் தேசிக்காய் விதை இரண்டு ஒட்டிக் காய்ந்திருந்தன.

"வாகன பூசை, பிள்ளை," என்றார் கணேசலிங்கம். "நாளைக்குப் பெரிய போட்டி எல்லோ? கொலோன் கோயில் ஐயருக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டனான். வாகனம் எண்டால் சில்லுக்குத்தான் முக்கியமாச் செய்யோணும் எண்டவர். இதுக்குச் சில்லு இல்லையே! இருந்து யோசிச்சன். நிலத்தில படுறது எதுவோ அதுதானே சில்லு? அதான் அடியிலை வடிவாப் பூசினனான்."

"தேசிக்காய்?"

"கார் எண்டால் சில்லை ஏத்தி நசுக்கலாம். இது தானா ஓடாது. நான்தான் மேலை ஏறி நிண்டு நசுக்கினனான். வழுக்கி விழப் பாத்தன், தெரியுமோ? அவ்வளவு கஸ்டப்பட்டனான்."

ஆரணிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஸ்கீ ஓடுகிறவர்களுக்கு உயிர் இருப்பதே அந்த அடிப்பக்கத்தில்தான். அதில் பூசுகிற மெழுகுதான் வேகம். ட்ரெய்னர் பிறிங்க்மன் நேற்றுப் பின்னேரம் முழுக்க இருந்து, மெழுகை உருக்கி ஊற்றி, தேய்த்து, சுரண்டி, தூரிகை போட்டு, கண்ணாடி போலாக்கித் தந்திருந்தார். போட்டி முடியும்வரை அதை விரலாலும் தொடக்கூடாது என்பது அவருடைய கட்டளை. தேசிக்காயை வைத்து ஏறி நிற்கக்கூடாது என்று அவர் தனியாகச் சொல்லவில்லை. சொல்லவேண்டி வரும் என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்?

அப்போதுதான் ஆரணியின் கண்ணில் அந்த நீல நாடா பட்டது.

"அப்பா... இது என்ரை இல்லை. இது வெரோனிக்கான்ரை."

கணேசலிங்கம் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். "ரெண்டு சோடியும் சிவப்புத்தானே? இதுதான் முன்னுக்கு நிண்டது." பிறகு பெருந்தன்மையோடு நிமிர்ந்தார். "சரி விடு. வேதக்காரர் எண்டாலும் அதுவும் எங்கட பிள்ளைதானே. காவல் ஆருக்குக் கிடைச்சால் என்ன?"

சொல்லிவிட்டு, ஆறிப்போகும் தேத்தண்ணியைக் காப்பாற்ற மேலே போய்விட்டார்.

வெரோனிக்காவின் ஸ்கீ ஆரணி வீட்டு நிலவறைக்கு வந்ததற்கு அவளுடைய அப்பா அல்பேர்ட்தான் காரணம். அவர்களுடைய நிலவறையில் அரிசி மூட்டையும் தேங்காய்ப்பால் தகரமும் போக மிச்சமிருக்கிற இடத்தில் ஒரு குடையைத்தான் சாத்தலாம். அல்பேர்ட் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். சவர்லாந்து மலைப் பாதையில், கொட்டுகிற பனியில், இத்தனை வருடமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர். ஓட்டுவதற்கு அவருக்குப் பயமில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் பயம்.

போன வருடம் மன்னாருக்குப் போய் வந்தபோது, மடு மாதா கோயில் மண்ணை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து காரில் வைத்துக்கொண்டார். அந்த மண் இருந்தால் பாம்பு அண்டாது என்பது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"ஜேர்மனியில பாம்பு எங்கை அல்பேர்ட் இருக்கு?" என்று கணேசலிங்கம் ஒருநாள் நக்கலடித்தார்.

"பாத்தீங்களோ அண்ணை?" என்றார் அல்பேர்ட். "நான் கொண்டுவந்த நாள் துவக்கம் ஒண்டையும் காணேல்லை."

இந்த இரண்டு அப்பாக்களுக்கும் பிறந்த பெண்கள்தான் ஸ்கீக் கழகத்திலேயே வேகமான இரண்டு பேர். ஒரே வயது, ஒரே உயரம், ஒரே சப்பாத்து அளவு. கழகம் கொடுத்த ஸ்கீயும் ஒரே மாதிரி. ஆரணியுடையதற்கு மஞ்சள் நாடா, வெரோனிக்காவுடையதற்கு நீல நாடா, அவ்வளவுதான் வித்தியாசம். மாநில இளையோர் அணியில் மிச்சமிருந்ததோ ஒரே ஒரு இடம். நாளைக்குக் கொடிக்கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்குகிற ஸ்லாலொம் ஓட்டத்தில் இவர்களில் யார் முந்துகிறாளோ அவளுக்கு அந்த இடம்.

இடத்தை விட்டுத்தள்ளுங்கள். ஆரணிக்குப் பெரிய கவலை வேறு.

கொஞ்ச நாளைக்கு முன்னால் பயிற்சி நேரம் மாறியது. வெரோனிக்காவுக்கும் சொல்லிவிடு என்று ட்ரெய்னர் ஆரணியிடம்தான் சொன்னார். ஆரணி மறந்துபோனாள். வெரோனிக்கா மலையில் தனியே நின்று விறைத்துப்போனாள். இடம் ஒன்று, ஆள் இரண்டு என்று தெரிந்த கழகப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? வேணுமென்று செய்தவள் என்று கதை கட்டிவிட்டார்கள். வெரோனிக்கா அதை நம்பவில்லை. நம்பவில்லை என்று ஆரணியிடமே சொன்னாள். ஆனால் அதைச் சொல்லும்போது அவள் ஆரணியின் முகத்தைப் பார்க்காமல் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஆரணிக்கு இன்னும் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

இந்த நிலையில் போய், "எங்கட அப்பா உன்ரை ஸ்கீக்குச் சந்தனம் பூசிப்போட்டார்" என்றால் யார் நம்புவார்கள்? சாமி வேண்டுமானால் நம்பும். அதற்குத்தானே பூசினது.

ட்ரெய்னருக்கு அழைத்துப் பார்த்தாள். போட்டிக்கு முதல்நாள் போனை நிறுத்திவிட்டு நித்திரை கொள்ளுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவர், தான் சொன்னதைத் தானும் செய்கிறவர். போன் நிறுத்தியிருந்தது.

"சரி, கழுவிப்போடுவம்," என்று ஆரணி முடிவெடுத்தாள்.

சுடுதண்ணீரும் சட்டிபானை கழுவுகிற சவர்க்காரமுமாக வேலை தொடங்கியது. சந்தனம் நல்ல பிள்ளையாக உடனே போனது. அதோடு கைகோத்துக்கொண்டு ட்ரெய்னரின் மெழுகும் போனது. குங்குமம் மட்டும் போகாமல் கரைந்து பரவி, பலகை முழுவதையும் ரோசா நிறமாக்கியது. தேய்க்கத் தேய்க்க நிறம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அம்மா கமலநாயகி எட்டிப் பார்த்தாள். "என்ன பிள்ளை, ஸ்கீக்குச் சாயம் அடிக்கிறியோ? வடிவா இருக்கு."

"அம்மா, வீட்டிலை மெழுகு இருக்கோ?"

"மெழுகுதிரி கிடக்கு. கரண்ட் போச்சோ?"

வீட்டில் கிடந்தது போன நத்தார்ப் பண்டிகைக்கு யாரோ பரிசாகத் தந்த மெழுகுதிரி. வனிலா வாசம் அடிக்கும். உள்ளே தங்கத் தூள் மினுங்கும். மெழுகு மெழுகுதானே என்று ஆரணி மனதைத் தேற்றிக்கொண்டு, அம்மாவின் அயன்பெட்டியைச் சூடாக்கி, ட்ரெய்னர் செய்ததைப் போலவே உருக்கித் தேய்த்தாள். ட்ரெய்னருக்கு எவ்வளவு சூடு வேண்டுமென்று தெரியும். ஆரணிக்குத் தெரியவில்லை. ஒரு இடத்தில் கொஞ்சம் யோசித்துக்கொண்டு நின்றுவிட்டாள். புகை கிளம்பியது. பதறிப்போய்க் கையை எடுத்தபோது அயன்பெட்டியின் அடிவடிவம் அச்சு அசலாகப் பலகையில் பதிந்திருந்தது.

இப்போது வெரோனிக்காவின் ஸ்கீ ரோசா நிறத்தில், தங்கமாய் மினுங்கி, வனிலா கேக் மாதிரி மணத்துக்கொண்டு நின்றது. விரலை வைத்து இழுத்துப் பார்த்தாள். விரல் அப்படியே ஒட்டிக்கொண்டது.

மேலேயிருந்து கமலநாயகியின் குரல் கேட்டது. "இஞ்சாருங்கோ, உங்கட காச்சட்டையை அயன் பண்ணினால் மினுங்குது! என்னெண்டு ஒருக்கா வந்து பாருங்கோ!"

ஆரணி நிலவறைப் படியில் குந்திவிட்டாள். எதிரே அவளுடைய சொந்தச் சோடி, மஞ்சள் நாடாவோடு, ஒரு தூசு கூடப் படாமல், கண்ணாடியாய் நின்றது. அதைப் பார்க்க அழுகை வந்தது. இந்த இடத்துக்காக அவள் எத்தனை பிறந்தநாள் விழா, எத்தனை கலியாண வீட்டுச் சாப்பாட்டை விட்டிருப்பாள்! கலியாண வீட்டு ரோல்ஸ் என்றால் அவளுக்கு உயிர். அதையும் விட்டவள் அவள்.

ஆனால் நாளைக்கு வெரோனிக்கா இந்தக் கேக்கில் ஏறி நின்று தோற்றால்? பிறகு அவள் ஆயுளுக்கும் கையுறையைத்தான் பார்த்துக் கதைப்பாள்.

ஆரணி கண்ணைத் துடைத்தாள். மஞ்சள் நாடாவை உரித்தாள். நீல நாடாவை உரித்தாள். மாற்றி ஒட்டினாள். ஒட்டி முடித்ததும் தன்னுடைய நல்ல மனதை நினைத்து அவளுக்கே கொஞ்சம் புல்லரித்தது.

மறுநாள் காலை அல்பேர்ட் காரைக் கொண்டுவந்தார். இரண்டு சோடியையும் கூரையில் கட்டி, பெண்கள் இருவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு மலைக்கு விட்டார். கணேசலிங்கமும் கமலநாயகியும் தங்கள் காரில் பின்னால் வந்தார்கள்.

"என்னடி மணக்குது?" என்றாள் வெரோனிக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "வனிலாவோ?"

"அம்மா கேக் அடிச்சவ," என்றாள் ஆரணி.

"எங்கை கேக்?"

"முடிஞ்சுது."

அல்பேர்ட் கண்ணாடி வழியாக மகளைப் பார்த்தார். "உண்மையா எனக்கு உந்த ஸ்லாலொம் எண்டது விளங்கேல்லை, மகள். நேர போனால் கெதியாப் போகலாம் எல்லோ? ஏன் நேர போக விடமாட்டினமாம்?"

வெரோனிக்கா சிரித்துக்கொண்டு முன்சீற்றுக்கு மேலால் கையை நீட்டி, இடதும் வலதுமாக நெளித்து நெளித்து, கடைசியில் விரலை வெடுக்கென்று முன்னால் நீட்டிக் காட்டினாள். "இப்பிடிப்பா. இப்பிடித்தான் போகோணும்."

அல்பேர்ட்டின் முகம் வெளிறியது. அவசரமாக நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

கார் தரிப்பிடத்தில் இறங்கியதும், "நீங்கள் ரெண்டு பேரும் போய் நம்பர் சட்டையை வாங்கிக்கொண்டு வாங்கோ. ஸ்கீயை நான் பாத்துக்கொள்ளுறன்," என்றார்.

அவர்கள் திரும்பி வந்தபோது அவர் இரண்டு சோடியையும் ஒழுங்காகச் சாத்திவைத்துவிட்டு, கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். ஆரணி மஞ்சள் நாடா ஒட்டிய கேக்கை, அடிப்பக்கம் யாருக்கும் தெரியாமல் அணைத்துப் பிடித்துத் தூக்கிக்கொண்டாள். நீல நாடாச் சோடியை வெரோனிக்கா தோளில் போட்டாள்.

மேலே, புறப்படும் இடத்தில், மற்ற எல்லோரும் ஓடி முடிந்த பிறகு ஆரணியின் முறை வந்தது. வெரோனிக்காவுக்கு அடுத்தது.

"கெதியா ஓடு," என்றாள் வெரோனிக்கா.

"நீயும்," என்றாள் ஆரணி. என்ரை ஸ்கீயிலை ஏறி நிண்டு கெதியா ஓடாமல் என்ன செய்வாய் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது. ஆரணி பாய்ந்தாள். பலகை பாயவில்லை. பனியைப் பற்றிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அவளும் விடவில்லை. எப்படியும் தோல்வி என்று தெரிந்துவிட்டால் பிறகு எதற்குப் பயப்படுவது? இத்தனை நாளாக விழுந்துவிடுவேனோ என்று பயந்து அகலமாக வெட்டிய வளைவுகளை இன்றைக்குக் கம்பை உரசிக்கொண்டு வெட்டினாள். கீழே வந்து நின்றபோது மூச்சு வாங்கியது.

ட்ரெய்னர் பிறிங்க்மன் கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார். "ஆரணி! நீ இப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை! இதுவரை நீதான் முதல்!"

ஆரணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரிய பலகையில் அவள் பெயர்தான் உச்சியில் நின்றது. அப்படியென்றால் நல்ல ஸ்கீயில் ஓடியிருந்தால்? ஐயோ, நாடாவை ஏன் மாற்றினேன் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. வாயை மூடு என்று அந்தக் குரலை அடக்கினாள். அது அடங்கவில்லை.

"பாத்தியளோ?" என்று வேலிக்கு அப்பால் கணேசலிங்கம் பக்கத்தில் நின்ற ஜேர்மன்காரர் ஒருவரிடம் தமிழிலேயே கேட்டார். "பக்கத்துச் சோடிக்குப் பூசின சந்தனமே இப்பிடி வேலை செய்யுது." அந்த மனிதர் அவருடைய மினுங்குகிற காச்சட்டையைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் தலையாட்டினார்.

அடுத்தது வெரோனிக்கா. தொடக்கத்திலேயே தடுமாறினாள். சேற்றில் இறங்கினவள் போலக் கைத்தடியால் உந்தி உந்தித்தான் முதல் கம்புக்கு வந்தாள். பயந்திட்டாள் போல என்று ஆரணி நினைத்தாள். அப்படி நினைத்தபோது கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது. அந்தச் சந்தோசத்துக்காக உடனே வெட்கமாகவும் இருந்தது. வெரோனிக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு கம்புக்கும் உடம்பையே தூக்கி எறிந்து, உயிரைக் கொடுத்து இறங்கினாள். கோட்டைத் தாண்டியதும் அப்படியே குப்புற விழுந்தாள்.

பலகையில் பெயர் மாறியது. கண்மூடித் திறக்கிற நேரம்தான் வித்தியாசம். வெரோனிக்கா முதல், ஆரணி இரண்டாவது.

ஆரணி ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்தாள். உண்மையான சந்தோசம்தான் அது. முக்கால்வாசி உண்மை. மிச்சக் கால்வாசி, "நீயில்லை, என்ரை ஸ்கீதான் வெண்டது" என்று முணுமுணுத்தது. உயிரே போனாலும் இந்த ரகசியத்தை வெளியே விடுவதில்லை என்று ஆரணி அந்த இடத்திலேயே சத்தியம் பண்ணிக்கொண்டாள். பொரித்த உருளைக்கிழங்கு வாங்க வரிசையில் நிற்கும்வரைக்கும் அந்தச் சத்தியம் கல்லுப்போல உறுதியாக இருந்தது.

வரிசையில் நின்றபோது வெரோனிக்கா தோளைத் தடவிக்கொண்டாள். "எடி, இண்டைக்கு என்ரை ஸ்கீக்கு என்ன பிடிச்சதோ தெரியேல்லை. சறுக்கவே மாட்டன் எண்டுது. கொறகொற எண்டு ஒரே சத்தம். ட்ரெய்னர் மெழுகை ஒழுங்காப் போடேல்லைப் போலை."

ஆரணிக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. பொத்திப் பொத்தி வைத்த ஸ்கீயைத் தூக்கிக் கொடுத்தால் அதற்குக் குறை வேறா?

"உனக்கென்ன விசரோ?" என்று வெடித்தாள். "அது உலகத்திலேயே நல்ல ஸ்கீயடி! அது என்ரை ஸ்கீ!"

பிறகென்ன, எல்லாம் கொட்டுப்பட்டது. சந்தனம், தேசிக்காய், சவர்க்காரம், வனிலா மெழுகுதிரி, அயன்பெட்டி, நாடா. "பேந்தும் நான் வேணுமெண்டு செய்தனான் எண்டு நினைச்சுப்போடுவாய் எண்டு பயந்திட்டன்," என்று முடித்தாள்.

வெரோனிக்கா கையுறையைப் பார்க்கவில்லை. நேராக ஆரணியின் முகத்தைப் பார்த்தாள். கண் இரண்டும் நிறைந்திருந்தன.

"அந்தக் கேக்கிலை ஏறி நிண்டோ நீ ரெண்டாவது வந்தனி?"

"ஓம்."

"அப்ப வெண்டது நீதானடி. நல்ல ஸ்கீயிலை ஓடியும் நான் மயிரிழையிலைதானே முந்தினனான். அந்த இடம் உன்ரை. வா, ட்ரெய்னரிட்டைச் சொல்லுவம்."

"வேண்டாம் வெரோ, வேண்டாம். விடு," என்றது ஆரணியின் வாய். கால்கள் ட்ரெய்னர் நின்ற பக்கம் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தன. தியாகம் செய்ததும் நான், இடம் கிடைப்பதும் எனக்கு, சிநேகிதியும் கையை விட்டுப் போகவில்லை. இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை இனி வாழ்க்கையில் வருமா என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பாதி வழியில் அப்பாக்கள் இருவரும் கையில் சூப் கோப்பையோடு எதிரே வந்தார்கள்.

"எங்கை பிள்ளையள் ஓடுறியள்?" என்றார் கணேசலிங்கம்.

"ட்ரெய்னரிட்டை, மாமா!" வெரோனிக்கா மூச்சிரைக்கச் சொன்னாள். "அப்பா, நான் வெல்லேல்லையப்பா. ஆரணிதான் வெண்டவள். என்ரை ஸ்கீ பழுதாப்போச்சு எண்டு தன்ரை நல்ல ஸ்கீக்கு நீல நாடாவை ஒட்டி எனக்குத் தந்திட்டாள். அந்த ஸ்கீயாலைதான் நான் வெண்டனான். அணியிலை இடம் அவளுக்குத்தான் சேரோணும்."

ஆரணி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டாள். கணேசலிங்கத்தின் கண் கலங்கியது. "என்ரை பிள்ளை!" என்றார்.

அல்பேர்ட் சூப் கோப்பையைப் பனியில் வைத்தார். மகளைப் பார்த்தார், ஆரணியைப் பார்த்தார், கடைசியாக இன்னும் நகக்கண்ணில் கறுத்திருந்த தன் விரல்களைப் பார்த்தார்.

"பிள்ளை," என்றார் மெதுவாக, "நீல நாடா ஒட்டினது உன்ரை சோடியோ? பாம்பு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு போறது எண்டு இவள் காட்டினதிலை பயந்துபோய், டப்பாவிலை இருந்த மடு மண் முழுக்கையும் அதின்ரை அடியிலைதானே நான் காலமை போட்டுத் தேய்ச்சனான்!"